செயலிழந்த கைக்குக் காந்தத் தூண்டல்: நாற்பது ஆண்டு ஆய்வுகள் சொல்வது என்ன?

பக்கவாதம் கண்டவர்களில் பலர் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோலூன்றியாவது, காலை இழுத்தாவது வீட்டுக்குள் போய்வருவார்கள். கை அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. தோள் கொஞ்சம் அசையும், முழங்கை மடங்கும். விரல்கள் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிக் கிடக்கும். சோறு பிசைய, சட்டைப் பொத்தான் மாட்ட, கையெழுத்துப் போட என ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு உடற்கூற்றிலேயே காரணம் இருக்கிறது. காலை இயக்கும் பகுதி மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கத்தில் அமைந்திருக்கிறது. கையையும் முகத்தையும் இயக்கும் பகுதி பக்கவாட்டில் இருக்கிறது. அதற்கு இரத்தம் தருவது நடு மூளைத்தமனி. அடைப்பு மிகுதியாக ஏற்படுவதும் அந்தத் தமனியில்தான். தவிர, நிற்கவும் நடக்கவும் கால் ஓரளவு விறைப்போடு ஊன்றினாலே போதும். கைக்கோ ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கட்டளைக்குப் பணிந்தால்தான் பயன்.

இந்தக் கைக்கு உயிர் கொடுக்க மண்டையோட்டுக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டும் முறை கடந்த இருபது ஆண்டுகளாகத் தீவிரமாக ஆராயப்படுகிறது. டி.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரில் இது மருத்துவமனை விளம்பரங்களிலும் இடம்பெறுகிறது. கத்தி இல்லை, மாத்திரை இல்லை, வலியும் பெரிதாக இல்லை என்பதால் நம்பிக்கை எளிதில் பிறக்கிறது. அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுந்த நோயாளிக்கு, தகுந்த நேரத்தில், கடுமையான கைப்பயிற்சியோடு சேர்ந்தால் காந்தம் துணைபுரியக்கூடும். பயிற்சி இல்லாமல் அது தனியே கையை மீட்டுத் தரும் என்பதற்குச் சான்று இல்லை.

காந்தம் மூளையில் செய்வது

மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் பக்கத்திலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மூளைத் திசுவும் மின்சாரத்தைக் கடத்தும். 1980இல் லண்டனில் மெர்டன், மார்ட்டன் என்ற இருவர் உச்சந்தலைத் தோலின் மேல் மின்முனைகளை வைத்து மூளையைத் தூண்டிக் கையை அசைத்துக் காட்டினார்கள். ஆனால் அந்த மின்னதிர்ச்சி வலித்தது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் மின்முனைக்குப் பதிலாகக் கம்பிச்சுருளைத் தலைமேல் பிடித்து, வலியில்லாமலே கையைத் துடிக்க வைத்தார்கள். அச்சோதனை அந்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. காந்தப்புலம் தோலையும் எலும்பையும் தடையின்றிக் கடந்துவிடுவதுதான் வலியின்மைக்குக் காரணம்.

சிகிச்சை அறையில் நடப்பது இதுதான். நோயாளி சாய்வு நாற்காலியில் அமர்கிறார். சுருள் ஒவ்வொரு முறையும் பலமாகச் சொடுக்கும் என்பதால் காதில் அடைப்பான் வைக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மேடாக இருக்கும் தசையின் மேல் சிறிய மின்முனை ஒட்டப்படுகிறது. 8 என்ற எண்ணின் வடிவிலுள்ள சுருளை மருத்துவர் தலையின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நகர்த்துகிறார். ஓர் இடத்தில் சொடுக்கு விழும்போது நோயாளி நினைக்காமலே அவருடைய ஆள்காட்டி விரல் துள்ளுகிறது. அதுதான் கைக்கான இடம். பிறகு விசையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். பத்துத் தூண்டலில் ஐந்துக்காவது தசையில் 50 மைக்ரோவோல்ட் அலை எழும் மிகக் குறைந்த விசை எதுவோ, அதை வைத்தே அந்த நோயாளிக்கான சிகிச்சை அளவு கணக்கிடப்படுகிறது. காந்தப்புலத்தின் வலிமை 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும், அதாவது எம்.ஆர்.ஐ. கருவிக்கு ஒப்பானது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கிறது. அது எட்டும் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான்.

ஒற்றைத் துடிப்பு விரலை அசைத்துவிட்டு ஓய்ந்துவிடும். தொடர் துடிப்புகள் மூளையில் தடம் விட்டுச் செல்கின்றன. நொடிக்கு ஒன்று வீதம் கால் மணி நேரம் கொடுத்தால் அந்தப் பகுதியின் கிளர்ச்சி தணிகிறது என்பது 1990களில் தெரியவந்தது. நொடிக்கு ஐந்தோ அதற்கு மேலோ கொடுத்தால் கிளர்ச்சி கூடுகிறது. 2005இல் லண்டனில் யிங்-சு ஹுவாங், ஜான் ராத்வெல் குழுவினர் ‘தீட்டா பர்ஸ்ட்’ என்ற வேகமான முறையை வகுத்தார்கள். அதில் 40 நொடிகளில் தணிக்கவும் மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தூண்டவும் முடிந்தது. இந்த விளைவுகள் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கின்றன. அந்தக் குறுகிய நேரத்துக்குள் கை என்ன செய்கிறது என்பதில்தான் இந்தச் சிகிச்சையின் பலன் தங்கியிருக்கிறது.

தராசுக் கோட்பாடு

கையைக் குறித்த ஆய்வுகளுக்கெல்லாம் அடித்தளமாக இருந்தது ஒரு கோட்பாடு. மூளையின் இரு பாதிகளும் நடுவிலுள்ள நரம்புப் பாலம் வழியே ஒன்றையொன்று அடக்கி வைக்கின்றன. பக்கவாதத்தில் ஒரு பாதி அடிபட்டால் அதன் அடக்கும் ஆற்றல் குறைகிறது. நல்ல பாதி தட்டிக்கேட்க ஆளின்றி ஓங்குகிறது. ஓங்கி, ஏற்கெனவே அடிபட்ட பாதியை மேலும் அடக்குகிறது. 2004இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் லியோனார்டோ கோஹன் குழுவினர் நாட்பட்ட நோயாளிகளிடம் இதை அளந்து காட்டினார்கள். கையை அசைக்கப் போகும் தருணத்தில் இயல்பாகத் தளர வேண்டிய அந்த அடக்குமுறை, இவர்களிடம் தளரவே இல்லை.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிறந்தன. மெதுவான துடிப்பால் நல்ல பாதியைத் தணிக்கலாம். அல்லது வேகமான துடிப்பால் அடிபட்ட பாதியைத் தூண்டலாம். 2005ஆம் ஆண்டு இரண்டுக்கும் நல்ல செய்தி வந்தது. ஜப்பானில் டகேயுச்சி குழுவினர் நாட்பட்ட நோயாளிகள் 20 பேரை ஆராய்ந்தார்கள். நல்ல பாதியை 25 நிமிடம் தணித்ததும் விரல்களால் கிள்ளிப் பிடிக்கும் வேகம் கூடியது. எகிப்தின் அசியூட் பல்கலைக்கழகத்தில் எமான் கெத்ர் குழுவினர் பக்கவாதம் வந்து சில நாள்களே ஆன 52 பேரை எடுத்துக்கொண்டார்கள். அடிபட்ட பாதியைப் பத்து நாள்கள் தூண்டியபோது, போலித் தூண்டல் பெற்றவர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறினார்கள். டோக்கியோவின் ஜிகேய் பல்கலைக்கழக மருத்துவர்கள் நோயாளிகளை இரண்டு வாரங்கள் மருத்துவமனையில் தங்கவைத்து, தினமும் தூண்டலோடு தீவிரக் கைப்பயிற்சியும் கொடுத்தார்கள். முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மறு குழு இல்லாததால், பலன் காந்தத்தினுடையதா பயிற்சியினுடையதா என்று பிரித்தறிய வழியில்லை.

சான்றுகள் முரண்பட்ட கதை

சிறிய ஆய்வுகள் பெருகியபோது தொகுத்துப் பார்ப்பவர்கள் தயங்கினார்கள். 2013இல் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு 19 சோதனைகளையும் 588 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வழக்கமான சிகிச்சையாக இதைப் பயன்படுத்த இப்போதைய சான்றுகள் போதா என்றது.

அடுத்து வந்தது ‘நைச்’ என்ற பெரிய சோதனை. முடிவுகள் 2018இல் வெளிவந்தன. அமெரிக்காவின் 12 மையங்களில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதங்கள் ஆன 199 பேர் கலந்துகொண்டார்கள். சுருள் துல்லியமாகக் கைக்கான இடத்தில் நிற்கும்படி கணினி வழிகாட்டியது. ஆறு வாரங்களில் 18 அமர்வுகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் நல்ல பாதியைத் தணிக்கும் தூண்டலோடு கைப்பயிற்சியும் இருந்தது. கை அசைவை அளக்கும், 66 மதிப்பெண்கள் கொண்ட ஃபூகல்-மேயர் அளவையில் 5 மதிப்பெண்ணாவது கூடினால் வெற்றி என்று முன்கூட்டியே வரையறுத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினரும் போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 விழுக்காட்டினரும் அந்த அளவை எட்டியிருந்தார்கள். வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும். போலிச் சுருளே கொஞ்சம் தூண்டிவிட்டதோ என்ற ஐயத்தில் வேறு போலிச் சுருளை வைத்து மீண்டும் ஒரு சோதனை நடத்தினார்கள். அதிலும் காந்தம் தனித்து நிற்கவில்லை.

இந்த எண்களைத் தோல்வி என்று மட்டும் வாசிப்பது பிழை. இரண்டு குழுக்களிலும் மூன்றில் இரண்டு பேர் தேறியிருக்கிறார்கள். இரண்டு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தது ஒழுங்கான, குறிக்கோளுள்ள கைப்பயிற்சி. காந்தத்தைச் சோதிக்கப் போன இடத்தில் பயிற்சியின் வலிமையும் கண்ணில் பட்டது.

இதன் பிறகும் கதை முடியவில்லை. 2020இல் ஐரோப்பிய நிபுணர் குழு தனது வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. பக்கவாதத்துக்குப் பிந்தைய தொடக்க மாதங்களில் நல்ல பாதியைத் தணிக்கும் முறைக்கு, கையின் மீட்சியைப் பொறுத்தவரை, மிக உயர்ந்த ‘ஏ’ நிலைச் சான்று இருப்பதாக அது மதிப்பிட்டது. 2023இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலிருந்து வந்த ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. பக்கவாதம் வந்த மூன்று வாரங்களுக்குள் 60 பேருக்கு உண்மையான அல்லது போலியான பத்து நாள் தூண்டல் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு அமர்விலும் 40 நொடித் தீட்டா பர்ஸ்ட், அதைத் தொடர்ந்து வழக்கமான கைப்பயிற்சி. மூன்று மாதத்தில் ‘ஏ.ஆர்.ஏ.டி.’ அளவையில் உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் சராசரியாக 9.6 மதிப்பெண்கள் முன்னே நின்றார்கள்.

57 மதிப்பெண்கள் கொண்ட அந்த அளவையில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் இந்த 9.6இன் எடை புரியும். இரண்டரை சென்டிமீட்டர் மரக்கட்டையில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் கட்டை வரை எடுத்து மேல் தட்டில் வைக்க வேண்டும். ஒரு கிரிக்கெட் பந்தைப் பற்றித் தூக்க வேண்டும். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோலிக்குண்டை இரு விரல்களால் எடுக்க வேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் 3 மதிப்பெண்கள். ஆகவே 9.6 என்பது மூன்று செயல்களை முழுமையாக மீட்டதற்குச் சமம். ஒரு நாளில் அந்த மூன்று செயல்கள் எத்தனை முறை தேவைப்படுகின்றன என்பது பக்கவாத நோயாளி உள்ள வீட்டாருக்குத் தெரியும். ஆனாலும் இது ஒரே இடத்தில் 60 பேரிடம் நடந்த ஆய்வு. பல மையங்களில், பெரிய எண்ணிக்கையில் உறுதிப்பட வேண்டியது.

நைச் தோற்ற இடத்தில் உட்ரெக்ட் ஏன் வென்றது? முதலில் கண்ணில் படுவது காலம். ஒன்று மூன்று மாதத்துக்குப் பிறகு தொடங்கியது. மற்றொன்று மூன்று வாரங்களுக்குள் தொடங்கிவிட்டது. ஆனால் காலம் மட்டுமே முழுக் காரணமாக இருக்க முடியாது.

கோட்பாடே ஆட்டம் காண்கிறது

தராசுக் கோட்பாடு எல்லா நோயாளிக்கும் பொருந்தவில்லை. 2019இல் ஜிங் சூ, பாப்லோ செல்னிக் உள்ளிட்டோர் 22 நோயாளிகளைத் தொடக்கம் முதல் ஓராண்டு தொடர்ந்து அளந்தார்கள். முதல் வாரங்களில் இரு பாதிகளுக்கிடையிலான அடக்குமுறை இயல்பாகவே இருந்தது. மாதங்கள் கடந்த பிறகுதான் மாறியது. அப்படியானால் அந்த ஏற்றத்தாழ்வு கை செயலிழந்ததற்குக் காரணமா, விளைவா என்ற கேள்வி எழுகிறது. தொடக்கத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வைத் தொடக்கத்திலேயே சரிசெய்வதால் பலன் கிடைக்கிறது என்றால், பலனுக்கு வேறு விளக்கம் தேட வேண்டும்.

இன்னொரு சிக்கல் நல்ல பாதியின் பங்கு. சிலருக்கு அடிபட்ட பாதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப்பாதை ஓரளவு எஞ்சியிருக்கும். சிலருக்கு அது முற்றாக அறுந்துபோயிருக்கும். அறுந்துபோனவர்களுக்கு நல்ல பாதிதான் கடைசி ஆதரவு. எஞ்சிய சிறு அசைவையும் அதுவே தருகிறது. அதைத் தணிப்பது இருக்கும் ஊன்றுகோலைப் பிடுங்குவதாகிவிடலாம். 2014இல் ஜோவான்னி டி பினோ குழுவினர் இந்த இரு நிலைகளையும் ஒரே மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். நரம்புப்பாதை மிகுந்து எஞ்சியிருப்பவருக்கு நல்ல பாதியைத் தணிப்பதும், குறைவாக எஞ்சியிருப்பவருக்கு அதை வளர்ப்பதும் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். அப்படியென்றால் எல்லா நோயாளிகளுக்கும் ஒரே சிகிச்சையைக் கொடுத்துச் சராசரி எடுத்த சோதனைகளில், ஒருவரின் நன்மை இன்னொருவரின் தீமையால் கழிந்துபோயிருக்க வாய்ப்புண்டு. நலமுள்ளவர்களிடமே ஒரே தூண்டல் ஒருவருக்குக் கிளர்ச்சியையும் இன்னொருவருக்குத் தணிவையும் தருவது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் உல்ஃப் சீமன் குழுவினர் மூளை அலைகளை அந்தந்த நொடியே படித்து, மூளை ஏற்கும் தருணம் பார்த்துத் துடிப்பைச் செலுத்த முயல்வது இதனால்தான்.

முன்கூட்டிச் சொல்லும் காந்தம்

சிகிச்சை என்ற பரபரப்பில் காந்தத்தின் இன்னொரு பயன் பின்னுக்குப் போய்விட்டது. என் பார்வையில் இன்று அதன் உறுதியான பயன் அதுதான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழுவினர் ‘பிரெப்-2’ என்ற எளிய வழிமுறையை 2017இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த மூன்று நாள்களுக்குள் இரண்டை மட்டும் பார்க்க வேண்டும்: தோளைப் பக்கவாட்டில் உயர்த்த முடிகிறதா, விரல்களை நீட்ட முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் மொத்தம் 10 மதிப்பெண்கள். ஐந்தோ மேலோ வந்தால் கை நன்றாகத் தேறும் என்று நம்பலாம். எந்தக் கருவியும் தேவையில்லை. ஐந்துக்குக் கீழே இருந்தால் முதல் வாரத்திலேயே ஒற்றைக் காந்தத் துடிப்பால் சோதிக்கிறார்கள். அசைவே தெரியாத கையிலும் தசையில் மின்னலை எழுந்தால் நரம்புப்பாதை உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தக் கைக்காகத் தீவிரமாக உழைப்பது வீண்போகாது. அலை எழாதவர்களுக்கு, பக்கவாதத்தின் ஒட்டுமொத்தக் கடுமையையும் சேர்த்துப் பார்த்துக் கணிக்கிறார்கள். மூன்று மாதத்தில் கை எந்த நிலையில் இருக்கும் என்பதை நான்கில் மூன்று பேருக்கு இது சரியாகச் சொல்லிவிடுகிறது.

மருத்துவர் பொத்தாம்பொதுவாக “பார்க்கலாம்” என்று சொல்வதற்கும், “பாதை இருக்கிறது, கைக்காகவே உழையுங்கள்” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்துக்குப் பெரிது. நரம்புப்பாதை இல்லை என்று தெரிந்தால், மறு கையால் வேலைகளைச் செய்யப் பழகுவது, தோள்வலியைத் தடுப்பது, விரல் இறுக்கத்தைத் தளர்த்துவது என்று உழைப்பைத் திருப்பலாம்.

பயிற்சியே மையம்

1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் சிறிய குரங்குகளின் மூளையில் கைப்பகுதியின் ஒரு துண்டைச் சிதைத்துவிட்டு, குழிகளுக்குள் கிடக்கும் சிறு தீனி உருண்டைகளை எடுக்கப் பழக்கினார்கள். பழக்கிய குரங்குகளில், சிதைவைச் சுற்றியிருந்த விரல் பகுதிகள் காக்கப்பட்டன. பழக்காதவற்றில் அவை மேலும் சுருங்கியிருந்தன. இத்தகைய விலங்காய்வுகளில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கை வேலை செய்கிறது. 2009இல் கேத்தரின் லாங் குழுவினர் மனிதர்களுக்கான சிகிச்சை அமர்வுகளைக் கூடவே இருந்து எண்ணிப் பார்த்தார்கள். கையால் செய்யும் பயனுள்ள அசைவு ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான்.

காலமும் அளவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2021இல் வந்த ‘சிபாஸ்’ ஆய்வு காட்டியது. 72 நோயாளிகளில் பலருக்கு வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கூடுதல் கைப்பயிற்சி கொடுத்தார்கள். பக்கவாதம் வந்து இரண்டு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையே அதைப் பெற்றவர்களே மிகுந்த பலன் கண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பெற்றவர்களிடம் அதே 20 மணி நேரம் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அதற்காகத் தாமதமானவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. லண்டன் குவீன் ஸ்குவேர் மருத்துவமனையில் மூன்று வாரங்களில் 90 மணி நேரப் பயிற்சி பெற்ற 224 நாட்பட்ட நோயாளிகள் கணிசமாக முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் ஆறு மாதம் கழித்தும் நின்றது. தாமதமானால் தேவைப்படும் உழைப்புதான் கூடுகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் தனது 2023 வழிகாட்டுதலில், தேவைப்படுவோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 5 நாள் மறுவாழ்வுச் சிகிச்சை தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

உழுத நிலத்தில் விதைக்காவிட்டால் களைதான் மண்டும். காந்தம் செய்வது உழவு, விதைப்பது பயிற்சி. தூண்டல் முடிந்ததும் நோயாளியைச் சக்கர நாற்காலியில் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால், திறந்த அந்த ஒரு மணி நேரம் வெறுமனே கழிந்துவிடும்.

நம் சூழலில் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் காந்தத் தூண்டலுக்கு 2008இல் மனச்சோர்வுக்கான அனுமதி கிடைத்தது. பக்கவாதக் கைக்கு அனுமதி பெற எடுத்த முயற்சி நைச் முடிவுகளால் கைகூடவில்லை. இங்கே விளம்பரங்கள் அந்தத் தயக்கத்தைச் சொல்வதில்லை.

இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளுடன் நடந்த ‘அட்டெண்ட்’ சோதனையும் நமக்கு ஒரு பாடம். குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து அவர்களையே வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை செய்யவைத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும், இந்தக் குழுவிலும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவிலும் 47 விழுக்காடு. பாசமும் அக்கறையும் மட்டும் போதவில்லை என்பதையே இது காட்டுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிசியோதெரபிஸ்ட்டை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. அந்த வருகைகளை முதல் மூன்று மாதங்களில் அடர்த்தியாக்கி, கைக்கென்று தனி நேரம் ஒதுக்கினால், எத்தனை காந்தக் கருவிகள் வாங்கினாலும் கிடைக்காத பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

யாராவது காந்தத் தூண்டலைப் பரிந்துரைத்தால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பக்கவாதம் வந்து எத்தனை நாள் ஆனவர்களுக்கு இதைத் தருகிறீர்கள்? நரம்புப்பாதை எஞ்சியிருக்கிறதா என்று முதலில் சோதிப்பீர்களா? எந்தப் பாதியை, எதற்காகத் தூண்டுகிறீர்கள் அல்லது தணிக்கிறீர்கள்? தூண்டல் முடிந்த உடனே எவ்வளவு நேரம், யார் கைப்பயிற்சி தருவார்கள்? தொடக்கத்திலும் முடிவிலும் கையை அளந்து எழுத்தில் தருவீர்களா? தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய கேட்புக் கருவி, இதய பேஸ்மேக்கர், முன்பு வந்த வலிப்பு ஆகியவற்றை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். முறையாகச் செய்தால் இது பாதுகாப்பானது. தலைவலி வரலாம், வலிப்பு மிக அரிது. ஆனால் இவற்றை மறைத்தால் ஆபத்து கூடும்.

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்தால், தொடக்க மாதங்களில் இருப்பவர்கள் துணிந்து முயலலாம். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை நல்ல பிசியோதெரபிஸ்ட்டுக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்கும் செலவிடுங்கள். காந்தமா பயிற்சியா, ஒன்றுக்குத்தான் வசதி என்ற நிலை வந்தால் தயங்காமல் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். அதையும் இன்றே தொடங்குங்கள்.